பழைய கார் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஆஃப் ஆகிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

மே மாதம், மதியம் 2 மணி. வேலூர் பக்கம் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறியிருப்பேன். டேஷ்போர்டு விளக்குகள் ஒருமுறை மின்னின, ஏசி காற்று தளர்ந்தது, வண்டி ஆஃப். பின்னால் சித்தூர் பஸ் ஒன்று ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

என் வண்டி 2004 மாடல் சின்ன பெட்ரோல் கார், நான் மூன்றாவது ஓனர். அந்தக் கோடையில் மட்டும் ஆறு முறை இப்படி நின்றது. முதல் ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அடுத்தவர் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் என்றார், அதையும் மாற்றினேன். மூன்றாமவர் டைனமோவைக் கழற்றி ஓவராயில் செய்தார். மொத்தம் 14,000 ரூபாய் போனது. வண்டி மட்டும் நிற்பதை நிறுத்தவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது, சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் ஒரு பெரியவர். அவர் செய்ததைப் பின்னால் சொல்கிறேன். பழைய வண்டியில் பெரும்பாலான கோளாறு பொருளில் இருப்பதில்லை, இணைப்பில்தான் இருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. அதனால் இந்த வழிகாட்டியும் இணைப்பில் தொடங்கி, அப்புறம்தான் பொருளுக்குப் போகும்.

நின்ற அந்த நிமிடம்

முதலில் உயிர், அப்புறம் வண்டி. இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கல் போல இறுகும். பிரேக் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வேக்குவம் மிச்சம் இருக்கும், ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை முழுக்க ஆஃப் பக்கம் திருப்பி உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் லாக் ஆகிவிடும். ஹசார்டு விளக்கு, ஹேண்ட் பிரேக். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அடிக்கலாம், உதவி வண்டி அனுப்புவார்கள்.

ஓரம் கட்டியாயிற்று. உடனே மெக்கானிக்குக்கு போன் போடாமல் மூன்று விஷயத்தைக் கவனித்து வையுங்கள். வண்டி குளிர்ந்து ஸ்டார்ட் ஆகிவிட்டால் இந்தத் தடயங்கள் அழிந்துவிடும்.

ஒன்று, டேஷ்போர்டு. சாவி ஆனில் இருக்கும்போது இன்ஜின் மட்டும் நின்றால் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சிவப்பாக எரிய வேண்டும். எரிந்தால் கரன்ட் வருகிறது என்று அர்த்தம், பெட்ரோல் பக்கமோ ஸ்பார்க் பக்கமோ தேட வேண்டும். டேஷ்போர்டே இருண்டு கிடந்தால், அல்லது நிற்கும் முன் மின்னி மின்னி அணைந்தால், பேட்டரி டெர்மினல், எர்த் (பேட்டரி நெகட்டிவைப் பாடியோடும் இன்ஜினோடும் சேர்க்கும் இணைப்பு), மெயின் பியூஸ், சாவி சுவிட்ச் இந்த நான்குக்குள்தான் விஷயம். பாலத்தின் மேல் விளக்குகள் மின்னியதை நான் முதல் நாளே யாரிடமாவது சரியாகச் சொல்லியிருந்தால் பெட்ரோல் பம்ப் மாற்றியிருக்க மாட்டார்கள்.

இரண்டு, எப்படி நின்றது. சுவிட்சைத் தட்டியது போலப் பட்டென்று நின்றால் மின்சாரக் கோளாறு. இழுவை குறைந்து, திக்கித் திணறி, குலுக்கி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு. ஆர்.பி.எம். மீட்டர் இருக்கிற வண்டியில் இன்னொரு நல்ல தடயம் உண்டு. கியரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால், ஸ்பார்க் அல்லது கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) சிக்னல் அறுந்திருக்கிறது.

மூன்று, மறுபடி எப்போது ஸ்டார்ட் ஆனது. உடனேயா, கால் மணி நேரம் ஆறிய பிறகா, சாவியை ஆட்டினால் மட்டுமா? செல்ஃப் வழக்கம்போல வேகமாகச் சுற்றியதா, இழுத்து இழுத்துச் சுற்றியதா, அல்லது ‘டிக்’ சத்தத்தோடு சரியா?

இதை போனிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வெயிலா மழையா, ஏசி ஓடியதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, எல்லாமும்.

பேட்டரியும் எர்த்தும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில், சாவி போடும் முன் பேட்டரியை அளங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்து ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டை ஒட்டி நின்றால் பரவாயில்லை. 9.6க்கும் கீழே விழுந்தால் பேட்டரியில் செல் போயிருக்கலாம். ஆனால் பேட்டரி 12 வோல்ட் காட்டிக்கொண்டே இருக்க, செல்ஃப் மட்டும் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், கரன்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது.

சத்துவாச்சாரிப் பெரியவர் செய்தது அந்தத் தடையைத் தேடும் சோதனையைத்தான். நான் கதை சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். “இன்னா தம்பி, நிக்கறதுக்கு முன்னாடி வெளக்கு மின்னுச்சா, மின்னலயா? அத்த சொல்லு மொதல்ல.” மின்னியது என்றேன். “செரி, அப்ப பெட்ரோலாண்ட போவாத.”

பெட்ரோல் பம்ப் பியூஸைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தார், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் சுற்றுவதற்காக. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவின் ஈயக் காம்பிலேயே வைத்தார், கிளாம்பின் மேல் அல்ல. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் துரு இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்தினார். “அடிங்க” என்றார். மீட்டர் 1.8 காட்டியது. நல்ல எர்த் இருந்தால் அங்கே 0.2, 0.3க்கு மேல் வரக்கூடாது. அதாவது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 வோல்ட் அந்தச் சின்ன வழியிலேயே கரைந்துபோகிறது.

“பாய், அப்போ பேட்டரி?” என்று கேட்டேன். “பேட்டரி நல்லாத்தான் கீது.” வண்டிக்கு அடியில் குனிந்து, கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து பின்னலாக ஒரு பட்டையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். இன்ஜினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் பட்டை. செம்பு இழைகள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, முக்கால்வாசி அறுந்து, விரலால் நெருடினால் பொடியாக உதிர்ந்தது. ஏற்றத்தில் இன்ஜின் முக்கும்போது மவுண்டின் மேல் லேசாகச் சாயும். அப்போது மிச்சமிருந்த நாலு இழையும் தொடர்பை விட்டிருக்கும். அதனால்தான் பாலம் ஏறும்போதெல்லாம் நின்றது, சமதளத்தில் நிற்கவில்லை. புதுப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய்.

மீட்டர் இல்லையென்றாலும் இதைப் பார்க்கலாம். ஜம்ப் கேபிளின் கறுப்பு வயரை எடுத்துப் பேட்டரி நெகட்டிவில் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பில் இன்னொரு முனை மாட்டி செல்ஃப் அடியுங்கள். சட்டென்று வேகமாகச் சுற்றினால் எர்த்தில்தான் கோளாறு. எர்த் மோசமானால் அறிகுறிகளும் விநோதமாக இருக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும், ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும்.

டெர்மினலில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். ஆப்ப சோடா கலந்த வெந்நீரை ஊற்றிப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் கரைந்துவிடும். பேட்டரி மூடிகளுக்குள் அது இறங்கக்கூடாது. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, அப்புறம் மேலே வாஸ்லைன் தடவுங்கள். கையால் திருகிப் பார்த்துக் கிளாம்ப் அசைந்தால் அது இறுகவில்லை. இடுக்கில் ஆணி செருகி ‘டைட்’ செய்யும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், புது கிளாம்ப் மலிவுதான்.

டைனமோ சார்ஜ் செய்கிறதா

ஆல்டர்னேட்டர் என்றால் கடையில் இரண்டு தரம் கேட்பார்கள், டைனமோ என்றே சொல்வோம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்டு ஆர்.பி.எம். 1,500 அளவில் வைத்தாலும் 13.5க்குக் கீழே இறங்கக்கூடாது. 13க்கும் கீழே என்றால் பெல்ட் தளர்வு, கார்பன் பிரஷ் தேய்வு, வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்ற வரிசையில் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி நீர் கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆகும். நம் ஊர் வெயிலில் பேட்டரி நீர் எப்படியும் சீக்கிரம் வற்றும், மூடி திறக்கிற பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் பாருங்கள்.

மீட்டரை ஏசி (மாறுமின்னோட்டம், குளிர் ஏசி அல்ல) வோல்ட்டுக்கு மாற்றி அதே இடத்தில் வைத்தால் 0.5க்கு மேல் காட்டுகிறதா? டைனமோவுக்குள் டயோடு ஒன்று போயிருக்கலாம். அது வண்டியை நிறுத்தவும் செய்யும், ராத்திரியில் பேட்டரியைக் குடிக்கவும் செய்யும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிப்பது அம்பாசடர் காலத்துப் பழக்கம். கம்ப்யூட்டர் இருக்கிற வண்டியில் அதைச் செய்தால் வோல்ட்டேஜ் எகிறி அந்தக் கம்ப்யூட்டரே (இசியூ) செத்துவிடலாம். யாராவது கை வைத்தால் தடுங்கள்.

சாவி, பியூஸ், ரிலே, மற்றும் முன்னாள் ஓனரின் கைவண்ணம்

இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது சாவியை லேசாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இன்ஜின் திணறினால் சாவி சுவிட்சின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி என்று கொத்தாகத் தொங்கவிட்டால் இது சீக்கிரம் வரும்.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதன் உலோகக் கால்களைப் பாருங்கள். கறுத்தோ உருகியோ இருந்தால் பிடிப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. அதே ஆம்பியருக்கு அதே பியூஸ்தான் போட வேண்டும், சிகரெட் டப்பா ஜிகினாத் தாள் வைத்த பியூஸை நானே பார்த்திருக்கிறேன். ரிலேயில் (கரன்டை ஆன், ஆஃப் செய்யும் சின்ன சுவிட்ச் பெட்டி) சந்தேகம் என்றால் சுலபமான வழி, அதே மாதிரியான ஹாரன் ரிலேயோடு மாற்றி மாட்டிப் பார்ப்பது.

செகண்ட் ஹேண்ட் வண்டியில் இன்னொன்று உண்டு. முன்னாள் ஓனர்கள் போட்ட ஃபாக் லைட், டபுள் ஹாரன், மியூசிக் சிஸ்டம், சென்ட்ரல் லாக். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு டார்ச் அடித்தால், கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள் தென்படும். முக்கியமாகத் தேட வேண்டியது பழைய திருட்டு அலாரம். அதில் இன்ஜினை நிறுத்தும் ரிலே ஒன்று இருக்கும், சாவி சுவிட்சிலிருந்து வரும் மெயின் வயரை வெட்டி அதன் நடுவே செருகியிருப்பார்கள். ரிமோட் தொலைந்து, அலாரம் செத்து, ரிலே மட்டும் உள்ளே உயிரோடு இருக்கும். மேடு பள்ளத்தில் காரணமே இல்லாமல் பட்டென்று நின்று, உடனே ஸ்டார்ட் ஆகிற வண்டியில் நான் முதலில் தேடுவது இதைத்தான். அதைக் கழற்றி, வெட்டிய வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடச் சொல்லுங்கள்.

சூடானால் மட்டும் நிற்கிற வண்டி

வேலூரில் கத்திரி வெயிலில் இதுதான் அதிகம். 40 டிகிரிக்கு மேல் போகும் நாளில், மூடிய பானெட்டுக்குள் இருக்கிற சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி ஓடும், நிற்கும், ஆறினால் ஓடும். சந்தேகப் பட்டியல் சிறியது: எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியில் கிராங்க் சென்சார், ஸ்பார்க்குக்கான இக்னிஷன் காயில். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிற வண்டியில் காயிலும் உள்ளே இருக்கும் இக்னைட்டர் மாட்யூலும். இவற்றுக்குள் இருக்கும் கம்பிச் சுற்று சூட்டில் விரிந்து, மயிரிழை விரிசல் இருந்தால் தொடர்பு அறும். ஆறினால் சேரும்.

நின்ற உடனே ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஆறிய பின் பார்த்துப் பயனில்லை. ஒரு பழைய பிளக்கை டிக்கியில் வைத்திருங்கள். பெட்ரோல் பம்ப் பியூஸைப் பிடுங்கிவிட்டு, பிளக் வயரை அந்தப் பழைய பிளக்கில் மாட்டி, அதன் இரும்பு உடலை இன்ஜினின் மேல் படும்படி வைத்து செல்ஃப் அடியுங்கள். வயரைக் கையில் பிடிக்காதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட். நீலமாகப் படபடத்தால் ஸ்பார்க் நன்றாக இருக்கிறது. ஸ்பார்க்கே இல்லையென்றால் ஆற விட்டு மறுபடி பாருங்கள். இப்போது வந்தால் உங்கள் குற்றவாளி மேலே சொன்ன பட்டியலில்தான். சென்சார் எட்டுகிற இடத்தில் இருந்தால் நனைத்த துணியை அதன் மேல் வைத்துப் பாருங்கள், அது மட்டும் ஆறியதும் வண்டி எடுத்தால் முடிவு தெரிந்துவிட்டது.

ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். கிராங்க் சென்சார் பல வண்டிகளில் எந்த ஃபால்ட் கோடும் (கோளாறுக் குறியீடு) பதியாமலே சதி செய்யும்.

பெட்ரோல் பக்கம்

சாவியை ஆன் மட்டும் செய்து, செல்ஃப் அடிக்காமல், பின் சீட்டில் காதை வையுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்ற சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் பியூஸ், ரிலே, பம்புக்கு வரும் வயர், அதன் எர்த் இந்த வரிசையில் பார்த்த பிறகுதான் பம்ப். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது டேங்கின் அடிப்பகுதியைக் கையால் நாலு தட்டு தட்டி, உடனே ஸ்டார்ட் ஆனால் பம்ப் கடைசி மூச்சில் இருக்கிறது. டேங்குக்குள் இருக்கும் பம்பைப் பெட்ரோல்தான் குளிர வைக்கிறது. கோடையில் எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஏலகிரி மாதிரி 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கிற மலைக்கு ரிசர்வில் போனால், வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுவதும் உண்டு. அது கோளாறே இல்லை, கஞ்சத்தனம்.

கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. 2000 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. வரும்வரை மாருதி 800 கார்பரேட்டரில்தான் ஓடியது. பம்ப் இன்ஜினிலேயே பொருத்திய மெக்கானிக்கல் வகை, அதனால் சூட்டில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி ஏர் லாக் ஆகும். பம்பின் மேல் ஈரத் துணி போட்டு கால் மணி நேரம் விடுவதுதான் அன்றும் இன்றும் வைத்தியம். ஐட்லிங்கில் மட்டும் நிற்கிறது, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஓடுகிறது என்றால் கார்பரேட்டரின் ஸ்லோ ஜெட்டில் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) தூசி.

இப்போது பம்பில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்ததையும் கிளறி ஃபில்டருக்கு அனுப்பும், பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும். 2004 மாடல் அதற்காகச் செய்த வண்டியில்லை. ஃபில்டரை மாற்றி எத்தனை நாளாயிற்று என்று நினைவில்லையென்றால் இன்றே மாற்றுங்கள். ஹோஸை வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தாலும் அதே பதில். பெட்ரோல் வாடை வந்தால் அந்த வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், அதற்கப்புறம் வண்டி எடுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

சிக்னலில் மட்டும் நிற்கிறது

வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் கிளட்ச் மிதித்ததும் ஆஃப் ஆகிறது, ஓடும்போது நிற்பதில்லை. இது சுலபமானது. இன்ஜினுக்குக் காற்று போகும் திராட்டில் பாடியில் கறுப்பாகக் கரி படிந்திருக்கும், கிளீனர் ஸ்பிரே அடித்துத் துணியால் துடைக்க வேண்டும், ஐட்லிங் வால்வையும் சேர்த்து. வேக்குவம் ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான். சோப்புத் தண்ணீரை ஹோஸ்களின் மேல் தெளித்துக்கொண்டே போங்கள், எங்கே தெளிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. பேட்டரி கழற்றி மாட்டிய முதல் நாள் ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்குவது சில வண்டிகளில் சகஜம்.

காலையில் பேட்டரி செத்துக் கிடந்தால்

எல்லாவற்றையும் ஆஃப் செய்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, காம்புக்கும் கிளாம்புக்கும் நடுவில் இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் தொடாதீர்கள், மீட்டர் போய்விடும். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். 0.05 ஆம்பியர் வரை இருக்கலாம். 0.3 காட்டினால், ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவர் குடிக்கிறது, சின்ன காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்தே நாளில் காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த லைனில் தேடுங்கள். எதிலும் விழவில்லையென்றால் டைனமோவின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு முன் மீட்டரை எடுத்து, பேட்டரி கிளாம்ப் இரும்பில் படாமல் ஒதுக்கி வையுங்கள்.

வயல் ஓரம், தோப்பு ஓரம் நிறுத்துகிறவர்கள் முதலில் எலி கடித்த வயரைத் தேடுங்கள். பானெட்டைத் திறந்ததும் எலிப்புழுக்கையும் வேப்பங்கொட்டையும் கிடந்தால் கேட்கவே வேண்டாம். பாச்சை உருண்டை கட்டுவதெல்லாம் என் அனுபவத்தில் பெரிய பலன் தரவில்லை. வண்டியைத் தினம் எடுப்பதும், ராத்திரியில் பானெட்டைத் திறந்து வைப்பதும்தான் கொஞ்சம் உதவியது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

வேலூருக்குச் சென்னையிலிருந்து நிறைய பழைய வண்டி வருகிறது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். முன் கார்பெட்டைத் தூக்கி அடியில் சேறு இருக்கிறதா பாருங்கள், சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துக் கறை பாருங்கள், டேஷ்போர்டுக்குக் கீழே ஏதாவது ஒரு வயர் சாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். பின்களில் பச்சை படிந்திருந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் குடித்த வயரிங்கில் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது “வண்டி நிக்குது, என்னன்னு பாருங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எழுதி வைத்ததைச் சொல்லுங்கள். எதை மாற்றச் சொன்னாலும் “எப்படிக் கண்டுபிடிச்சீங்க அண்ணா?” என்று மரியாதையாகவே கேளுங்கள். மீட்டரில் காட்டுகிறவரிடம் வண்டியை விடலாம். “மாத்திப் பார்ப்போம்” என்கிறவரிடம் பழைய பொருளைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் பழைய பேட்டரியை அப்படி வாங்காமல் விட்டதில்தான் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. அது நல்ல பேட்டரி, வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை.